பவர் சப்ளையில் மட்டும் காசை மிச்சம் பிடிக்காதீர்கள்: கேமிங் கம்ப்யூட்டர் கேள்வி பதில்

கேள்வி: பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் முதல்முறையாக ஒரு கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறேன். என் லிஸ்ட்: ஐ7 ப்ராசஸர், 4 ஜிபி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கிராஃபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ராம் ஒரே ஸ்டிக்காக, 512 ஜிபி எஸ்எஸ்டி, கலர் ஃபேன் வைத்த கேபினட், அதோடு சேர்ந்தே வரும் பவர் சப்ளை. மானிட்டர் 1080பி. இதை வாங்கிவிடலாமா? (கல்லூரி மாணவர்)

பதில்: வேண்டாம் தம்பி. இன்னும் பணம் கட்டவில்லை என்றால் அப்படியே நிறுத்துங்கள்.

பணம் தப்பான இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. கேமில் நாம் பார்க்கும் ஒவ்வொரு ஃப்ரேமையும் வரைவது கிராஃபிக்ஸ் கார்டு. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பட்டது, அடுத்து எதை வரைய வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது ப்ராசஸர். 1080பி என்றால் ஒரு ஃப்ரேமுக்குச் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள், 60 எஃப்பிஎஸ் (நொடிக்கு 60 ஃப்ரேம்) வேண்டுமென்றால் அத்தனையையும் 16.7 மில்லி செகண்டுக்குள் வரைந்து முடிக்க வேண்டும், அதற்குக் கார்டு திணறினால் ஐ7 ஆனாலும் சரி, அதற்கு மேலே உள்ளதானாலும் சரி, கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். உங்கள் லிஸ்டில் நடக்கப்போவது அதுதான்.

ப்ராசஸரைக் கீழே இறக்குங்கள். ஏஎம்டியின் ரைசன் 5 5600 அல்லது இன்டெலின் ஐ5 12400எஃப், இரண்டிலும் 6 கோர் 12 த்ரெட் (ஒரே நேரத்தில் வேலை செய்யும் பிரிவுகளும், அவை ஏந்தும் வேலை வரிசைகளும்) இருக்கிறது, இந்த பட்ஜெட்டில் வரும் எந்தக் கார்டுக்கும் அது தாராளம். இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டுமென்றால் 4 கோர் 8 த்ரெட் உள்ள ஐ3 12100எஃப் கூடப் பல கேம்களுக்குத் தாங்கும், ஆனால் கேம் ஓடும்போது பின்னால் ப்ரௌசரும் டிஸ்கார்டும் திறந்து வைத்திருப்பவர் என்றால் 6 கோருக்கே போங்கள். மாடல் எண்ணின் கடைசியில் எஃப் இருந்தால் அதில் உள்கட்டமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது, இதையும் மனதில் வையுங்கள்.

இப்போது கார்டு. 6500 எக்ஸ்டியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், அதற்கு இரண்டு காரணம். ஒன்று, 4 ஜிபி மெமரி இன்றைய கேம்களுக்குப் பற்றாது. கார்டின் மெமரி நிரம்பிவிட்டால் மீதி டெக்ஸ்சர்கள் (பொருள்களின் மேல் ஒட்டப்படும் படங்கள்) கம்ப்யூட்டரின் ராமிலிருந்து மதர்போர்டு வழியாக வந்து போக வேண்டும், கார்டின் சொந்த மெமரியோடு பார்த்தால் அந்த வழி மிகக் குறுகலானது, அதனால்தான் சராசரி எஃப்பிஎஸ் நன்றாகக் காட்டும்போதே நடுநடுவே படம் வெட்டி வெட்டி நிற்கிறது. இரண்டாவது காரணம் இன்னும் மோசம்: அந்தக் குறுகலான வழியையும் இந்தக் கார்டு மேலும் குறுக்கிக்கொள்கிறது, கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ பாதையில் இதற்கு இருப்பது 4 லேன்தான். அந்தப் பாதையின் பழைய தலைமுறையான பிசிஐஇ 3.0 மட்டும் தரும் பழைய போர்டிலோ ஏ520 போர்டிலோ போட்டால் அதிலும் பாதி வேகம்தான் கிடைக்கும். ஆகவே 8 ஜிபிக்குக் கீழே இறங்காதீர்கள். ஆர்எக்ஸ் 6600, ஆர்எக்ஸ் 7600, ஆர்டிஎக்ஸ் 4060 மூன்றுமே 8 ஜிபி, 1080பி மானிட்டருக்கு நன்றாக உழைக்கும். இன்டெல் ஆர்க் பி580 கார்டில் 12 ஜிபி வருகிறது, நல்ல கார்டு, ஆனால் பயாஸில் (மதர்போர்டின் செட்டிங் மெனு) ரீசைசபிள் பார் என்ற, கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசஸர் ஒரேயடியாக அணுக விடும் வசதி இருந்து அது ஆனில் இருக்க வேண்டும், தவிர பழைய அல்லது வலுக்குறைந்த ப்ராசஸரோடு சேரும்போது அது பின்தங்கிவிடுகிறது. மானிட்டரைச் சேர்க்காமல், பெட்டிக்கு மட்டும் நான் வைத்திருக்கும் கணக்கு, மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குள் கார்டுக்குப் போக வேண்டும்.

ராம் 16 ஜிபி சரி, ஆனால் ஒரே ஸ்டிக் வேண்டாம், 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். ஒரு ஸ்டிக் என்றால் 64 பிட் அகலம், இரண்டு போட்டால் 128 பிட், ப்ராசஸருக்கு டேட்டா போகும் பாதையே இரட்டிப்பாகிறது. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பெரும்பாலும் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும், போர்டின் கையேட்டில் படமே இருக்கும். அப்புறம் பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பியை, அதாவது ராமை அதில் எழுதிய வேகத்தில் ஓட வைக்கும் செட்டிங்கை, ஆன் செய்யுங்கள். என் முதல் கம்ப்யூட்டரில் 3200 என்று எழுதிய ராமை வாங்கிப் போட்டேன், எட்டு மாதம் அது 2133 வேகத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது, காசு கொடுத்து வாங்கிய வேகத்தைத் தொடவே இல்லை.

கடைசியாக, எனக்கு மனசு பதறும் விஷயம், கேபினட்டோடு வரும் பவர் சப்ளை. தயவுசெய்து வேண்டாம். மற்ற எந்த பாகம் மட்டமாக இருந்தாலும் அது ஒன்றுதான் போகும், இது போனால் கார்டையும் போர்டையும் சேர்த்துக்கொண்டு போகலாம். மேலே 500 வாட் என்று ஒட்டியிருப்பதை நம்பாதீர்கள். பக்கத்தில் உள்ள அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள், அதை 12ஆல் பெருக்கினால் வருவதுதான் உங்கள் கார்டுக்கும் ப்ராசஸருக்கும் நிஜமாகக் கிடைக்கும் வாட். 30 ஆம்பியர் என்றால் 360 வாட், அவ்வளவே. 80 ப்ளஸ் ப்ரான்ஸ் முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்பதைத்தான் சொல்கிறது, உள்ளே கெப்பாசிட்டரும் பாதுகாப்புச் சர்க்யூட்டும் தரமா என்று அது சொல்லாது, ஆகவே முத்திரையோடு நின்றுவிடாமல் அந்த மாடலைப் பிரித்துப் பார்த்துச் சோதித்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடிப் படியுங்கள். 4060 கார்டுக்கு 115 வாட், ஆர்எக்ஸ் 6600க்கு 132 வாட், ப்ராசஸருக்கு 65 வாட்டிலிருந்து கொஞ்சம் மேலே, ஆக நல்ல 550 வாட் போதும். 650 வாங்கினால் அடுத்த கார்டுக்கும் உதவும். இதற்குப் பணம் குறைந்தால் கலர் ஃபேனை விடுங்கள். முன்பக்கம் வலை வைத்த, காற்று தாராளமாக உள்ளே போகிற சாதாரணக் கேபினட் போதும்.

எஸ்எஸ்டி மட்டும் முடிந்தால் 1 டிபி ஆக்குங்கள். ஒரே கேம் 100 ஜிபியைத் தாண்டுகிற காலம் இது.

கேள்வி: ஏஎம்டி ப்ராசஸர் பொருந்தும் சாக்கெட்டில் ஏஎம்4, ஏஎம்5 எதற்குப் போவது? ஏஎம்4 செத்துவிட்டது என்கிறார்களே?

பதில்: புதிய தலைமுறை ப்ராசஸர் வரப்போவதில்லை என்ற பொருளில் சொன்னால் சரி. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் கேம் அதனால் நின்றுவிடாது. ஏஎம்4 போர்டும் டிடிஆர்4 ராமும் ரைசன் 5 5600ம் சேர்ந்து மிச்சமாகும் பணத்தில் கார்டு ஒரு படி மேலே போகிறது என்றால் நான் ஏஎம்4தான் எடுப்பேன். நாளைக்கு வேகம் போதவில்லை என்றால் அதே போர்டில், கிடைத்தால், 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி வரை போகலாம், கேமுக்கு அவை இன்றும் நல்ல ப்ராசஸர்கள். விலை வித்தியாசம் சின்னதாக இருந்தால் ஏஎம்5. 2022ல் வந்தது, 2027 வரையாவது ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது, ரைசன் 5 7600 அல்லது 7500எஃப்பில் தொடங்கலாம். ஏஎம்5 டிடிஆர்5 மட்டும்தான் ஏற்கும், பழைய ராம் ஸ்லாட்டில் நுழையவே நுழையாது. ராம் விலை அடிக்கடி ஏறி இறங்குவதால் வாங்கும் வாரத்தில் இரண்டு கூட்டலையும் போட்டுப் பாருங்கள். பழைய பி450 போர்டு எடுத்தால் 5600ஐ அடையாளம் காணப் பயாஸ் அப்டேட் தேவைப்படலாம், வாங்கும் முன்பே கேளுங்கள்.

கேள்வி: மகன் படிப்புக்கும் விளையாடவும் கம்ப்யூட்டர் கேட்கிறான். எல்லாவற்றுக்கும் இப்போது பணம் இல்லை. கிராஃபிக்ஸ் கார்டை அடுத்த வருஷம் போட்டுக்கொள்ளலாமா? (ஒரு தாய்)

பதில்: தாராளமாக. இருக்கிற பணத்தில் மட்டமான கார்டு ஒன்றை வாங்கிப் போடுவதைவிட இது எவ்வளவோ மேல். ரைசன் 5 5600ஜி போன்ற, கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கும் ப்ராசஸர் எடுங்கள். படிப்புக்கு எந்தக் குறையும் இருக்காது, லேசான போட்டி கேம்களும் செட்டிங்கைக் குறைத்து வைத்தால் ஓடும், புதிதாக வரும் கனமான கேம்களை அவன் ஒரு வருஷம் பொறுக்க வேண்டியிருக்கும். கொஞ்சம் கூடுதல் பணம் இருந்தால் ஏஎம்5ல் 8600ஜி, அதன் கிராஃபிக்ஸ் நன்றாகவே மேம்பட்டது. இந்த வகைக்கு இரட்டை ராம் கட்டாயம், ஏனென்றால் தனி மெமரி இல்லாமல் ராமைத்தான் கிராஃபிக்ஸும் பங்குபோட்டுக்கொள்கிறது.

குறையும் சொல்லிவிடுகிறேன். 5600ஜியில் எல்3 கேஷ், அதாவது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி, 16 எம்பி, 5600ல் 32 எம்பி. பிசிஐஇயும் 3.0தான். ஆக அடுத்த வருஷம் கார்டு போட்டபின் 5600 வைத்திருப்பவருக்குக் கிடைப்பதைவிடக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும், அதற்காக வருந்த வேண்டியதில்லை. பவர் சப்ளையை மட்டும் நாளைய கார்டை மனதில் வைத்து, 8 பின் பிசிஐஇ இணைப்பு உள்ளதாக இன்றே வாங்கிவிடுங்கள், பிறகு அவிழ்த்து மாட்டும் வேலை இருக்காது.

கேள்வி: ஆபீஸில் கழித்துவிட்ட ஐ5 6500 கம்ப்யூட்டர் சும்மா கிடைத்தது. கார்டு போட்டு ஓட்டலாமா?

பதில்: ஓட்டலாம், ஆனால் முதலில் கேபினட்டைத் திறந்து அளவு பாருங்கள். பிராண்டட் ஆபீஸ் மிஷின்களில் பல ஒல்லி வகை, கார்டு நுழையாது, உயரம் குறைந்த லோ ப்ரொஃபைல் கார்டுதான் தேட வேண்டும். பவர் சப்ளையிலும் கார்டுக்கான வயர் இருக்காது, சிலவற்றில் இணைப்பே வேறு வடிவம், வெளியில் வாங்கிப் போட முடியாது. அதனால் ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுக்கும் கார்டுதான் வழி. ஸ்லாட் தருவது 75 வாட், அதற்குள் ஜிடிஎக்ஸ் 1650 இருக்கிறது, 70 வாட்டில் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி இருக்கிறது, இரண்டாவதையே எடுங்கள். 8 ஜிபிக்குக் கீழே வேண்டாம் என்று மேலே சொன்னது புதிதாகக் கட்டுபவர்களுக்கு, இங்கே மின்சாரம் நம்மை நிறுத்துகிறது. 1650ல் சில கடைகள் விற்கும் மாடலுக்குத் தனியாக 6 பின் வயர் தேவை, பெட்டிப் படத்தைப் பார்த்து வாங்குங்கள்.

ஐ5 6500 என்பது 4 கோர், 4 த்ரெட், 2015ல் வந்தது, அதனால் பெரிய கேம்களில் ப்ராசஸர்தான் முதலில் மூச்சு வாங்கும். இன்னொரு சிக்கல், விண்டோஸ் 11க்கு இன்டெலில் 8ஆம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரபூர்வ ஆதரவு, விண்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. டிபிஎம், செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகளைக் கேட்கும் ஆன்லைன் கேம்கள் வேறு வந்துகொண்டே இருக்கின்றன. இந்த மிஷினுக்காக வாங்கும் கார்டைத் தவிர வேறு எதற்கும் செலவழிக்காதீர்கள், கார்டை நாளைக்குப் புதுப் பெட்டிக்கு எடுத்துப் போகலாம்.

கேள்வி: கிரிப்டோ மைனிங்கில் ஓடிய பழைய கார்டு வாங்கலாமா?

பதில்: ஓட்டிப் பார்க்க விட்டால் வாங்கலாம். அரை மணி நேரம் கனமான கேமோ ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டோ போட்டு, திரையில் புள்ளியும் கோடும் வருகிறதா, ஃபேன் உரசுகிறதா, சூடு எங்கே போய் நிற்கிறது என்று கூட உட்கார்ந்து கவனியுங்கள். மைனிங்கில் சில்லைவிட ஃபேனும் தெர்மல் பேடும்தான் அதிகம் தேய்கின்றன, அவற்றை மாற்ற முடியும். பழைய ப்ராசஸரும் பரவாயில்லை, ஏஎம்4 என்றால் அடிப்பக்கப் பின் வளைந்திருக்கிறதா என்று மட்டும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பழைய பவர் சப்ளை, பழைய எஸ்எஸ்டி இரண்டும் வேண்டாம்.

கேள்வி: லிக்விட் கூலர் அவசியமா?

பதில்: இல்லை. பெட்டியில் வரும் 5600, 7600, 12400எஃப் எல்லாவற்றோடும் கூலர் உண்டு, 65 வாட் ப்ராசஸருக்கு அது போதும். ட்ரே என்று சொல்லிப் பெட்டியில்லாமல் விற்பதில் மட்டும் கூலர் வராது.

கேள்வி: எல்லாம் மாட்டிவிட்டேன், 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் வாங்கினேன். ஆனால் பழைய மானிட்டர் போலவேதான் தெரிகிறது. கேமும் திக்கித் திக்கி ஓடுகிறது.

பதில்: மானிட்டர் கேபிளை எங்கே செருகியிருக்கிறீர்கள் என்று பின்னால் போய்ப் பாருங்கள். மதர்போர்டின் சாக்கெட்டில் இருந்தால் பிடுங்கிக் கீழே உள்ள கிராஃபிக்ஸ் கார்டில் செருகுங்கள், முடிந்தால் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளையே பயன்படுத்துங்கள். பிறகு விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே உள்ளே போய் ரிஃப்ரெஷ் ரேட்டை 144க்கு மாற்றுங்கள், அது தானாக மாறாமல் 60லேயே நிற்பது வழக்கம். கேமுக்குள் ஃப்ரேம் லிமிட் 60 என்று இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.