நவம்பர் குளிரில் கொலராடோ மலையில் எல்க் வேட்டை: எதை வாங்குவது, எதை நம்புவது?

கேள்வி: நண்பர் ஒருவர் நவம்பரில் கொலராடோவுக்கு எல்க் என்ற பெரிய மானின் வேட்டைக்கு அழைத்திருக்கிறார். சாலையை விட்டு உள்ளே நடந்துபோய் ஐந்து இரவுகள் கூடாரத்தில் தங்கவேண்டும். பொருள்களின் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. எது அவசியம், எது வீண்? பேட்டரியில் சூடாகும் காலுறை வாங்கலாமா?

பதில்:

ஒவ்வோர் அக்டோபரிலும் எங்கள் வீட்டு ஃப்ரீசரில், துருவிய தேங்காய் பாக்கெட்டுக்கும் பரோட்டா பாக்கெட்டுக்கும் நடுவே ஒரு லைட்டர், ஒரு தலைவிளக்கு, ஒரு முதலுதவிப் பை, சில சமயம் ரைஃபிளின் போல்ட் (தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் பாகம்) எல்லாம் ஓர் இரவு கிடக்கும். முதல் முறை அதைப் பார்த்துவிட்டு என் மனைவி கேட்டதை இங்கே எழுத முடியாது. ஆனால் உங்கள் கேள்விக்கு என்னிடம் உள்ள பதிலில் பாதி அந்த ஃப்ரீசருக்குள்தான் இருக்கிறது.

வீட்டு ஃப்ரீசரின் வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி செல்சியஸ். அமெரிக்கக் கணக்கில் பூஜ்யம் ஃபாரன்ஹீட். நவம்பர் நடுவில் 3,000 மீட்டர் உயரத்தில், வானம் தெளிந்த ஓர் இரவு முடிந்து விடியும் நேரத்தில் அந்த அளவுக்குக் குளிரக்கூடும். கடைக்குள் 22 டிகிரியில் எல்லாப் பொருளும் நன்றாகத்தான் வேலை செய்யும். உறைந்த பிறகு எது வேலை செய்கிறது என்பதை வீட்டிலேயே, காசு செலவில்லாமல் பார்த்துவிடலாம். இரவு முழுவதும் ஃப்ரீசரில் வையுங்கள். காலையில் எடுத்தவுடன், விளக்கை அணைத்துவிட்டு, கையுறை போட்ட கையால் இயக்கிப் பாருங்கள். என் பழைய தலைவிளக்கின் பொத்தான் அரிசிமணி அளவு. கையுறை விரலுக்கு அது அகப்படவே இல்லை. முதலுதவிப் பையின் ஜிப்பும் அப்படித்தான். இன்று என் உடைமைகளில் ஜிப் இருக்கும் இடமெல்லாம் ஒரு சாண் கயிறு முடிச்சுப் போட்டுத் தொங்குகிறது. பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் விரல் மரத்துப்போனாலும் இழுக்கலாம்.

ஆறு பருவங்களாக, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பக்கத்து வீட்டுப் பெரியவருடன் வேட்டைக்குப் போகிறேன். பெரும்பாலும் ஃப்ளாட் டாப்ஸ் வனப்பகுதிதான். அது 1964ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பகுதி. ஜீப் கிடையாது, மோட்டார் சைக்கிள் கிடையாது, மிதிவண்டிகூடக் கூடாது. குதிரை இல்லையென்றால் கொண்டுபோவதும் கொண்டுவருவதும் உங்கள் முதுகுதான். (இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற பேச்சே இல்லை. அந்தச் சூழலில் வளர்ந்த எனக்கு, இங்கே உரிமம் எடுத்து, வகுப்பில் தேர்வு எழுதி வேட்டைக்குப் போவது பழகவே இரண்டு வருடம் ஆனது. நீங்கள் விசாவில் இருப்பவரானால் துப்பாக்கி வைத்திருப்பது பற்றிய சட்டத்தைத் தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள்.)

முதல் வருடம் நான் ஏமாந்தது எண்களை நம்பித்தான். மைனஸ் 18 என்று அட்டையில் அச்சிட்ட, வாத்துத் தூவி அடைத்த விலையுயர்ந்த ஸ்லீப்பிங் பேக் வாங்கினேன். பணம் அதிலேயே போய்விட்டதால், கீழே விரிப்பதற்குச் சாதாரண ஃபோம் பாய் ஒன்று போதும் என்று நினைத்தேன். பனியைக் காலால் மிதித்துச் சமப்படுத்தி அதன்மேல் கூடாரம் போட்டோம். இரவு 11 மணிக்கு முதலில் இடுப்பு ஜில்லிட்டது. பிறகு தோள்பட்டை. மேலே போர்த்தியிருந்த பக்கம் கதகதப்பாகவே இருந்தது. கீழிருந்து மட்டும் தரை என் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. புரண்டு படுத்தால் அந்தப் பக்கமும் அதே கதை. தோசை மாதிரி விடிய விடியத் திரும்பிக்கொண்டிருந்தேன்.

காரணம் எளிது. தூவி சூட்டைக் காப்பது தன் உப்பலுக்குள் சிக்கிய காற்றால். உடல் எடை அழுத்தும் இடத்தில் உப்பல் நசுங்கிவிடும், காற்று போய்விடும். ஆகவே உங்களுக்குக் கீழே இருக்கும் பாதிப் பைக்கு அனேகமாக மதிப்பே இல்லை. அந்த வேலையைப் பாய்தான் செய்யவேண்டும். பாயின் வெப்பத் தடுப்பை ‘ஆர் மதிப்பு’ என்று எண்ணாகப் போடுகிறார்கள். ஏஎஸ்டிஎம் எஃப் 3340 என்ற முறைப்படி சோதித்த எண்ணா என்று பாருங்கள். அப்போதுதான் ஒரு நிறுவனத்தின் பாயை இன்னொன்றோடு ஒப்பிட முடியும். என் ஃபோம் பாய் சுமார் 2. பனிமேல் படுக்க 5க்கு மேல் வேண்டும். இதில் ஒரு நல்ல செய்தி: இந்த எண்களைக் கூட்டலாம். 4 உள்ள காற்றடைக்கும் பாய்க்கு அடியில் 2 உள்ள ஃபோம் பாயைப் போட்டால் 6. காற்றுப் பாய் ஓட்டையானாலும் ஃபோம் மிஞ்சும். பகலில் அதே ஃபோமை மடித்துப் பனிமேல் போட்டு உட்கார்ந்து பைனாகுலரில் பார்க்கலாம். இன்று நான் இரண்டையும் சுமக்கிறேன்.

ஸ்லீப்பிங் பேக் எண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஐஎஸ்ஓ 23537 முறைப்படி சோதித்த பைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எண்கள் தருவார்கள். ‘கம்ஃபர்ட்’ என்பது நிம்மதியாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை. ‘லிமிட்’ என்பது குளிர் தாங்கும் ஓர் ஆண் உடலைச் சுருட்டிக்கொண்டு எப்படியோ இரவைக் கழிக்கக்கூடிய வெப்பநிலை. ‘எக்ஸ்ட்ரீம்’ என்பது உயிர் பிழைக்கலாம் என்பதற்கான கணக்கு. அதைப் பார்த்து யாரும் பை வாங்கக் கூடாது. ஆண்களுக்கான பைகளில் பெரிதாக அச்சிட்டிருப்பது பல நேரம் நடுவில் உள்ள எண். நீங்கள் முதல் எண்ணைத் தேடிப் படியுங்கள். மதுரை வெயிலில் வளர்ந்த என் உடம்புக்கு அதிலும் ஐந்து டிகிரி கூடுதலாக வைத்துக்கொள்கிறேன்.

உடை விஷயத்தில் கடைக்காரர் ‘எவ்வளவு கதகதப்பு’ என்று பேசுவார். நீங்கள் ‘எவ்வளவு நேரத்தில் காயும்’ என்று கேளுங்கள். வேட்டையின் சங்கடமே இதுதான்: இருட்டில் ஒன்றரை மணி நேரம் செங்குத்தாக ஏறி உடம்பெல்லாம் வியர்க்கும், பிறகு மேட்டில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். ஏறும்போது வந்த வியர்வைதான் உட்காரும்போது எதிரி. பருத்திச் சட்டை வியர்வையைக் குடித்துக்கொண்டு விடாது. ஜீன்ஸைப் பற்றிப் பேசவே வேண்டாம். உள்ளே மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர், அதன்மேல் மெல்லிய ஃப்ளீஸ், காற்றைத் தடுக்க ஒரு மேலுடை. கிளம்பும்போது குளிரக் குளிரத்தான் கிளம்பவேண்டும். தடித்த ஜாக்கெட் பைக்குள்ளேயே இருக்கட்டும். உட்கார்ந்த அந்த நிமிடமே எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். மலைக்குப் போகும் முன் சோதிக்க வழி: உள்சட்டையை நனைத்துப் பிழிந்து உடம்பில் போட்டுக்கொண்டு, அதன்மேல் ஃப்ளீஸும் போட்டு, வீட்டைச் சுற்றி அரை மணி நேரம் நடங்கள். காய்ந்துவிட்டதா, முதுகில் ஒட்டிக்கொண்டு சில்லிடுகிறதா என்று உடம்பே சொல்லிவிடும்.

கையுறையும் ஒன்று போதாது. தடித்த கையுறையோடு துப்பாக்கி விசையைத் தொடுவது ஆபத்து. மெல்லிய கம்பளிக் கையுறை உள்ளே, நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் மிட்டன் மேலே. சுடும்போது மிட்டனை மட்டும் கழற்றுங்கள். பூட்ஸைக் கடையில் மாலை நேரத்தில், மலைக்குப் போட்டுக்கொள்ளப்போகும் அதே காலுறையோடு போட்டுப் பாருங்கள். குளிருக்குப் பயந்து இரண்டு காலுறை திணித்தால் பூட்ஸ் இறுகி ரத்த ஓட்டம் குறையும், கால் இன்னும் சீக்கிரம் உறையும். இரவில் ஈர பூட்ஸை வெளியே விட்டால் காலையில் கருங்கல்லாக இருக்கும். ஒரு பையில் சுற்றிக் கூடாரத்துக்குள் காலடியில் வையுங்கள்.

அடுப்பு. பலரும் கொண்டுபோவது திருகி மாட்டும் சிறிய கேஸ் கேனிஸ்டர். அதில் உள்ள கலவையைப் படியுங்கள். சாதாரண பியூட்டேன் சுழியம் டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். ஐசோபியூட்டேன் மைனஸ் 12 அளவுக்குத் தாங்கும். புரொப்பேன் மைனஸ் 42 வரை. கலவையில் புரொப்பேன்தான் முதலில் எரிந்து தீரும். அதனால்தான் புதுக் கேனிஸ்டர் முதல் நாள் சீறிக்கொண்டு எரிந்துவிட்டு, மூன்றாம் நாள் காலையில் பாதி எரிவாயு மிச்சமிருந்தும் மின்மினிப் பூச்சி மாதிரி மினுக்கும். எனக்கு அப்படி ஆனபோது கேனிஸ்டரைச் சட்டைக்குள் வைத்து இருபது நிமிடம் அணைத்துக்கொண்டிருந்துதான் காபி கிடைத்தது. இப்போது இரவில் அது என்னோடு பைக்குள் தூங்குகிறது. இன்னும் குளிரான மாதங்களுக்கு ஒயிட் கேஸ் என்ற திரவ எரிபொருளை ஊற்றிப் பம்ப் அடிக்கும் அடுப்புதான் சரி. பனியை உருக்கும்போது பாத்திரத்தில் முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். வெறும் பனியைப் போட்டால் அடிபிடித்த வாடை வரும். அந்த உயரத்தில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதிப்பதால் அரிசியும் பருப்பும் வேகவைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். எந்த அடுப்பானாலும் மூடிய கூடாரத்துக்குள் எரிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது.

தண்ணீர் வடிகட்டி பற்றி ஒரு வார்த்தை. நுண்குழாய் வடிகட்டி ஒருமுறை நனைந்த பின் உறைந்தால் உள்ளே விரிசல் விடும். வெளியே பார்த்தால் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல் வரும், கிருமியும் கூடவே வரும். இந்தக் காலத்தில் கொதிக்க வைப்பதே நிம்மதி. பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். பனிக்கட்டி மேலிருந்துதான் பிடிக்கும், மூடிப் பக்கம் திறந்தே இருக்கும்.

முதுகுப்பைக்கு வருவோம். இதில்தான் புதியவர்கள் கணக்குத் தவறுகிறார்கள். எல்க் நம் மிளாவின் சாயலில் இருக்கும், அதைவிடப் பெரிது. வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். எலும்பு நீக்கினாலே 80 முதல் 100 கிலோ இறைச்சி. நான்கு கால் சதையையும் முதுகுச் சதையையும் காட்டில் விட்டுவிட்டு வருவது கொலராடோவில் குற்றம். அதாவது, துப்பாக்கி வெடித்த பிறகுதான் வேலையே ஆரம்பிக்கிறது: ஒரு நடைக்கு 30 கிலோ, மொத்தம் மூன்று நான்கு நடை. எனவே பையில் எத்தனை லிட்டர் கொள்ளும் என்பதைவிட, அந்த எடையை இடுப்புக்கு இறக்குகிறதா என்பதுதான் கேள்வி. இதற்கு நம்மவர் கடை உதவும். சோனா மசூரி அரிசி 20 பவுண்டு மூட்டை, அதாவது 9 கிலோ, மூன்றைப் பையில் கட்டினேன். 27 கிலோ. அடுக்குமாடி கார் நிறுத்தத்தின் படிகளில் ஏறி இறங்கினேன். நான் ஆசைப்பட்டு வாங்கிய முதல் பை ஆறாவது மாடியிலேயே இடுப்புப் பட்டை நழுவித் தோளில் தொங்கியது. மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தப் படிகளில் என்னைத் தினமும் பார்த்த காவலாளி கடைசிவரை எதுவும் கேட்கவில்லை, ஆனால் கதவைத் திறந்து பிடித்துக்கொள்வார்.

ரைஃபிளைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. எல்லோரும் பணத்தை அதில்தான் கொட்டுகிறார்கள். கெட்டியான எண்ணெயைத் துடைத்தெடுங்கள், உறைந்தால் தோட்டாவைத் தட்டும் ஊசி மெதுவாக இறங்கும். போல்ட் ஃப்ரீசருக்குப் போனது அதைப் பார்க்கத்தான். இரவில் சூடான கூடாரத்துக்குள் கொண்டுவந்தால் வேர்த்து, மறுபடி வெளியே போனதும் உறையும். வெளியிலேயே, பனி விழாமல் மூடி வையுங்கள்.

ஆரஞ்சு உடை சட்டம். இடுப்புக்கு மேல் குறைந்தது 500 சதுர அங்குலம், தலையிலும் ஒன்று. பளீரென்ற இளஞ்சிவப்பும் செல்லும். மானுக்கு அந்த நிறம் நம் கண்ணுக்குத் தெரிவதுபோல் தெரியாது. பெரிய பையை மாட்டினால் முதுகுப்பக்க ஆரஞ்சு மறைந்துவிடும் என்பதை யாரும் சொல்வதில்லை. பைக்கும் ஓர் ஆரஞ்சு உறை போடுங்கள். இறைச்சி சுமந்து வரும்போது அது மிக முக்கியம்.

செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவியை மட்டும் பேரம் பேசாமல் வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள். கிளம்பும் முன் வீட்டு வாசலிலிருந்து ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள். சந்தா கட்டாமல் மலையேறிய ஒருவரை நான் சந்தித்திருக்கிறேன். விளக்குக்கு அல்கலைன் பேட்டரி வேண்டாம், லித்தியம் போடுங்கள்.

முதல் வருடத்துக்கு ஸ்லீப்பிங் பேக், கூடாரம் இரண்டையும் வாடகைக்கு எடுங்கள். பூட்ஸ், பாய், உள்ளாடை, கையுறை இவற்றுக்குச் சொந்தப் பணம். எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, உங்கள் ஊரில் முதல் உறைபனி விழும் இரவில் கொல்லைப்புறத்தில் தூங்குங்கள். தோற்றால் பின்கதவு பத்தடியில் இருக்கிறது.

சூடாகும் காலுறை கேட்டிருந்தீர்கள். வண்டியை ஒட்டி மறைவிடத்தில் உட்காருபவருக்கு நல்ல பொருள்தான். நீங்கள் ஐந்து இரவு உள்ளே போகிறீர்கள், சார்ஜ் ஏற்ற வழி இல்லை, குளிரில் பேட்டரி பாதியில் படுத்துவிடும், பூட்ஸின் கழுத்தில் அதன் பெட்டி உரசி ஏறும்போதே கொப்புளம் கிளப்பும். அந்தப் பணத்துக்குத் தடித்த கம்பளிக் காலுறை மூன்று ஜோடி வாங்கலாம். அதில் ஒன்றைத் தூங்குவதற்கென்றே ஸ்லீப்பிங் பேக்கின் அடியில் போட்டுவிடுங்கள். பகலில் கால் எவ்வளவு கெஞ்சினாலும் அதை எடுக்காதீர்கள்.