டர்போ கார் எடுத்தால் இன்சூரன்ஸ் எகிறுமா?

கேள்வி: பழைய ஆல்டோவைக் கொடுத்துவிட்டு மாருதி ஃப்ராங்க்ஸ் எடுக்கலாம் என்றிருக்கிறோம். 1.2 லிட்டர் சாதா இன்ஜினா, 1.0 லிட்டர் டர்போவா என்பதில்தான் குழப்பம். டர்போவை ஓட்டிப் பார்த்தேன், பிடித்துவிட்டது. ஆனால் லண்டனில் இருக்கும் சித்தப்பா மகன், "டர்போ என்றால் வருஷா வருஷம் இன்சூரன்ஸுக்கே தனியாக அழ வேண்டும்" என்கிறான். உண்மையா? ஆல்டோவுக்கு ஆறு வருடமாக ஒரு கிளெய்ம்கூட போடவில்லை.
– வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் தம்பி சொல்வது அவர் இருக்கும் ஊருக்குச் சரி. பிரிட்டனில் வேகம், இன்ஜின் திறன், ரிப்பேர் செலவு எல்லாவற்றையும் பார்த்து ஒவ்வொரு மாடலையும் 1 முதல் 50 வரை குழுக்களாகப் பிரித்துத்தான் நெடுங்காலமாகப் பிரீமியம் போட்டு வந்திருக்கிறார்கள். நம் நாட்டில் கணக்கே வேறு. நம் வண்டியால் மற்றவர்களுக்கு நேரும் பாதிப்புக்கான மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்தில் டர்போ என்ற பேச்சே கிடையாது, இன்ஜின் கொள்ளளவான சிசி மட்டும்தான்.

உங்களுக்கு லாபம் இருப்பதும் அங்கேதான். 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 1000 சிசி வரையுள்ள காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய். 1000-க்கு மேல் 1500 சிசி வரை 3,416 ரூபாய். ஃப்ராங்க்ஸ் சாதா இன்ஜின் 1197 சிசி, டர்போ 998 சிசி. ஆக, வேகமான வண்டிக்குத்தான் கட்டணம் குறைவு! புது காருக்கு மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்ட வேண்டும் என்பதால் 10,640-க்குப் பதில் 6,521 ரூபாய் கட்டினால் போதும். ஜிஎஸ்டி தனி. எல்லா டர்போவுக்கும் இப்படி அமையாது. கிரெட்டாவில் 1497 சிசி சாதாவும் 1482 சிசி டர்போவும் ஒரே அடுக்கில் வந்துவிடும்.

அடுத்து, சொந்த வண்டி சேதத்துக்கான பிரீமியம். இது காரின் ஐடிவி, அதாவது நிறுவனம் ஒப்புக்கொள்ளும் மதிப்பைப் பொறுத்தது. டர்போ வேரியன்ட்டின் விலை கூடுதல் என்பதால் இதுவும் கூடும். சாதா 9 லட்சம், டர்போ 10.20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். தேய்மானமாக 5 சதவீதம் கழித்தால் ஐடிவி 8.55 லட்சமும் 9.69 லட்சமும். பழைய தேசியக் கட்டண அட்டவணைப்படி திருப்பூர் 'பி' மண்டலம். அதில் சாதாவுக்கு 3.191 சதவீதம், அதாவது சுமார் 27,300 ரூபாய். 1000 சிசிக்குள் இருக்கும் டர்போவுக்கு 3.039 சதவீதம், சுமார் 29,400. 2007-லிருந்து நிறுவனங்கள் இதில் தாங்களே தள்ளுபடி கொடுக்கலாம். பாதி தள்ளுபடி கிடைத்தால் வித்தியாசம் ஆயிரத்துச் சொச்சம்தான். மூன்றாம் நபர் கட்டணத்தில் வருடத்துக்கு 1,322 ரூபாய் மிச்சமாகிறதே, அதில் இது அடிபட்டுப் போகும். இன்சூரன்ஸைக் காரணம் காட்டி டர்போவை ஒதுக்க வேண்டாம்.

நான் கவலைப்படுவது வேறு இடத்தில். தமிழ்நாட்டில் வாழ்நாள் வரி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு 13 சதவீதம். அதைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். மேலே சொன்ன விலைகளில் சாதாவுக்கு 1,17,000 ரூபாய், டர்போவுக்கு 1,83,600 ரூபாய். 66,600 ரூபாய் கூடுதல்! கார் விலையில் உள்ள வித்தியாசத்தோடு இதையும் சேர்த்துப் பாருங்கள். 10 லட்சத்துக்குள் நிற்கும் டர்போ வேரியன்ட் உங்களுக்குப் போதுமென்றால் தயங்காமல் அதையே எடுங்கள். கூடுதல் வசதிகளுக்கு ஆசைப்பட்டு அந்தக் கோட்டைத் தாண்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

டர்போ எடுப்பதாக இருந்தால் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். டர்போசார்ஜர் தேய்ந்தோ பழுதாகியோ போனால் எந்தக் கார் பாலிசியும் பணம் தராது. அது விபத்து இல்லை, இயந்திரக் கோளாறு. அதற்குக் கம்பெனி தரும் கூடுதல் வாரன்டிதான் துணை. 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பாதுகாப்பு வேறு சங்கதி. மழைத் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால், சாதா பாலிசியில் கிளெய்ம் நிராகரிக்கப்படும். அதைத் தடுப்பதற்கு இது. எந்த இன்ஜின் எடுத்தாலும் இதைச் சேருங்கள். அப்புறம், பவர் கூட்டுகிறேன் என்று ரீமேப் (இன்ஜினை இயக்கும் மென்பொருளை மாற்றுவது) செய்து தருபவர்களிடம் போகாதீர்கள். நிறுவனத்துக்குச் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்து நடந்த அன்றைக்குக் கிளெய்மையே முடக்கிவிடும்.

ஆறு வருடமாகக் கிளெய்ம் போடவில்லை என்றீர்களே, அங்கேதான் உங்களுக்குப் பெரிய பணம் இருக்கிறது. கிளெய்ம் போடாததற்காகச் சொந்த சேதப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்குச் சொந்தம், ஆல்டோவுக்கு அல்ல. இடையில் பாலிசியைக் காலாவதியாக விடாமல் புதுப்பித்து வந்திருந்தால் இந்நேரம் 50 சதவீதத்தை எட்டியிருப்பீர்கள். ஆல்டோவை விற்றதும் ஆர்சி மாறியதற்கான ஆதாரத்தைக் கொடுத்து, பழைய இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் போனஸைத் தக்கவைக்கும் கடிதம் வாங்குங்கள். மூன்று வருடம் வரை செல்லும். மேலே போட்ட டர்போ கணக்கில், பாதி தள்ளுபடி போன பிறகும், இது ஒன்றே ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் குறைக்கும். ஷோரூமில் கொட்டேஷன் தரும்போது பெரும்பாலும் இதைக் கேட்க மாட்டார்கள். நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். அவர்கள் போனஸைக் கழிக்க மறுத்தால் பாலிசியை வெளியில் வாங்குங்கள். ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. வெளியில் வாங்கும்போதும் ஐடிவியைக் குறைத்துக் காட்டிப் பிரீமியத்தைக் குறைத்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.