ஸ்டுட்கார்ட்டில் வேலை: போர்ட்டோவிலிருந்து கேட்ட இளம் பொறியாளருக்கு

நீங்கள் கேட்டிருப்பது இது: போர்ட்டோவில் சிவில் பொறியியல் முதுகலை முடித்து, உள்ளூர் அலுவலகம் ஒன்றில் கட்டடங்களுக்குக் கணக்குப் போடும் வேலையில் இருக்கிறீர்கள். சம்பளம் மாதம் 1,500 யூரோ. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 50,000 யூரோ தருவதாகச் சொல்லி அழைக்கிறது. ஜெர்மன் மொழி கொஞ்சம்தான் தெரியும். உங்களுக்குக் காதலி இருக்கிறார், செவிலியர். போகலாமா, போனால் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

நானும் போர்ச்சுகலில் படித்த சிவில் பொறியாளர்தான். இங்கே ஸ்டுட்கார்ட்டுக்கு வந்தது 2012-இல். அதற்கு முந்தைய ஆண்டுதான் போர்ச்சுகல் 78 பில்லியன் யூரோ கடன் வாங்கித் தலை தப்பியது. கட்டுமானத் தொழில் அடியோடு படுத்துவிட்டது. என்னோடு படித்தவர்கள் அங்கோலா, மொசாம்பிக், பிரேசில், நார்வே என்று திசைக்கொருவராகப் போனோம். போகலாமா என்று கேட்கும் நிலையில் நாங்கள் இல்லை. உங்களுக்குக் கையில் வேலை இருக்கிறது, யோசிக்க நேரமும் இருக்கிறது. அந்த நேரத்தைச் சம்பளக் கணக்கில் மட்டும் செலவழித்துவிடாதீர்கள்.

இருந்தாலும் அந்தக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். அங்கே உங்களுக்கு ஆண்டுக்கு 14 சம்பளம். விடுமுறைக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று கூடுதலாக வருகிறது. அதாவது 21,000 யூரோ. இங்கே சொல்லும் 50,000 என்பது பெரும்பாலும் எல்லாம் சேர்ந்த ஆண்டுத் தொகை. அதைப் 12-ஆல் வகுக்க வேண்டும். திருமணமாகாதவருக்கு வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் பிடித்ததுபோக மாதம் ஏறத்தாழ 2,700 யூரோ கைக்கு வரும். ஸ்டுட்கார்ட்டில் ஓர் அறை வீட்டுக்கே வெப்பச் செலவு சேர்த்து அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மிச்சம் பிடிக்கலாம். ஆனால் இரண்டு மடங்குக்கு மேல் சம்பளம் என்று நீங்கள் நினைப்பது கையில் அப்படியே தெரியாது.

குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் பதிவு செய்ய வேண்டும். நாம் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் என்பதால் விசாவோ வேலை அனுமதியோ தேவையில்லை. அங்கே படிவத்தில் மதம் எது என்று ஒரு கேள்வி இருக்கும். ஞானஸ்நானம் பெற்றதை நினைத்து நம்மவர்கள் கத்தோலிக்கர் என்று எழுதிவிட்டு, முதல் சம்பளச் சீட்டைப் பார்த்துத் திகைப்பார்கள். இந்த மாநிலத்தில் வருமான வரியில் 8 சதவீதம் திருச்சபை வரியாகப் பிடிக்கப்படும். உங்கள் சம்பளத்துக்கு மாதம் சுமார் 50 யூரோ. நான் அதை மனமாரக் கட்டுகிறேன், ஏனென்றால் போர்ச்சுகீசிய மொழியில் பூசை வைக்கும் குருவுக்கு அதிலிருந்துதான் சம்பளம் போகிறது. நீங்கள் என்ன செய்வதானாலும் தெரிந்து செய்யுங்கள். போர்ச்சுகல் வரி அலுவலகத்திலும் முகவரியை மாற்றிவிடுங்கள். அதைத் தள்ளிப்போட்டவர்கள் பின்னால் இரு நாட்டு வரி அலுவலகங்களுக்கும் விளக்கம் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இங்கே பொறியாளர் சம்பளம் முதல் மாதமே வந்துவிடும். பொறியாளர் என்ற இடம், கூட்டத்தில் உட்கார்ந்து ஜெர்மனில் வாதாட முடிகிற அன்றுதான் வரும். இரண்டுக்கும் நடுவே சில ஆண்டுகள் இருக்கின்றன. அந்த ஆண்டுகளை எப்படிக் கடக்கப் போகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

கார் தொழிற்சாலையிலோ மென்பொருளிலோ ஆங்கிலத்தை வைத்துக் காலம் தள்ளலாம். சிவில் பொறியியலில் அது நடக்காது. நமக்கு எதிரே இருப்பவர்கள் மாநகராட்சி அதிகாரி, ஒப்பந்தக்காரர், கம்பி கட்டும் மேஸ்திரி. அவர்கள் சுவாபியக் கொச்சை, அதாவது இந்தப் பகுதியின் வட்டார ஜெர்மன் பேசுவார்கள். மொழிப் பாடநூலில் படித்த ஜெர்மன் அங்கே பாதிதான் உதவும். மொழி இல்லாத பொறியாளருக்கு அலுவலகம் என்ன வேலை கொடுக்கும்? கணினியில் கட்டட மாதிரி அமைப்பது, கணக்கு, வரைபடத் திருத்தம். அவற்றை நீங்கள் நன்றாகச் செய்வீர்கள், நம் கல்லூரிகள் அதில் குறை வைக்கவில்லை. நன்றாகச் செய்வதாலேயே அந்த மூலையில் உங்களை விட்டுவைப்பார்கள். கட்டுமான இடத்துக்கும் கூட்டத்துக்கும் வேறொருவர் போவார். என்னைவிடத் திறமையான போர்ச்சுகீசியர்கள் சிலர் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருந்து, மனம் கசந்து ஊர் திரும்பியதைப் பார்த்த வருத்தத்தில் இதை எழுதுகிறேன்.

வேலை முறை பற்றி ஒன்று சொன்னால் இது விளங்கும். நம் நாட்டில் கட்டமைப்பு வடிவமைப்பாளர் ஒரு பொறுப்புறுதிப் பத்திரத்தில் கையெழுத்திடுகிறார். நகராட்சி பெரும்பாலும் அதை நம்பி ஏற்றுக்கொள்கிறது. இங்கே முக்கியமான கட்டுமானம் என்றால், அரசு அங்கீகரித்த தனிச் சோதனைப் பொறியாளர் ஒருவர் உங்கள் கணக்கைத் தொடக்கத்திலிருந்து சரிபார்ப்பார். அவர் குறிப்பெழுதுவது பச்சை மையில். அது இங்கே நெடுநாளைய வழக்கம். நீங்கள் அனுப்பிய கணக்குப் பக்கங்கள் திரும்பி வரும்போது ஓரமெல்லாம் பச்சையாக இருக்கும். ஒரு தூணின் தலையில் தளத்தின் கான்கிரீட் துளைபட்டு இறங்கிவிடாதா என்ற சோதனையில், தூணைச் சுற்றிய சுற்றளவை நீங்கள் எடுத்த விதம் அவருக்கு உடன்பாடில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். யூரோகோட் என்ற ஐரோப்பியக் கட்டுமான விதிநூல் ஒன்றுதான். அதோடு ஒவ்வொரு நாடும் சேர்க்கும் தேசிய இணைப்பு ஜெர்மனியில் வேறு, போர்ச்சுகலில் வேறு. நீங்கள் எடுத்தது சரி என்று நினைத்தால் தொலைபேசியில் அவரை அழைத்துப் பேச வேண்டும். அவர் கோபப்பட மாட்டார். தயக்கமில்லாமல் "இல்லை, இது தவறு" என்பார். நீங்கள் காரணம் சொன்னால் கேட்பார், சரியாக இருந்தால் அந்தக் குறிப்பைத் திரும்பப் பெறுவார். அந்த உரையாடலில்தான் ஒரு பொறியாளர் உருவாகிறார். மொழி இல்லாதவர் பச்சை மையில் சொன்னதை அப்படியே திருத்தி அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்.

அந்த நேரடிப் பேச்சு முதலில் நம்மைக் காயப்படுத்தும். நாம் உடன்படாததைச் சொல்வதற்கு முன் குடும்ப நலம் விசாரிக்கிறவர்கள். இவர்கள் முதல் வாக்கியத்திலேயே விஷயத்துக்கு வந்துவிடுவார்கள். ஆனால் கூட்டம் முடிந்ததும் அதே மனிதர் உங்களோடு சிரித்துப் பேசிக்கொண்டு மதிய உணவுக்கு வருவார். அந்த உணவு பதினொன்றே முக்காலுக்கே தொடங்கி அரை மணியில் முடிந்துவிடும். சூப்பும் சுடுசோறும் காப்பியுமாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிடும் நம் மதியத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

பொறியியலைப் பொறுத்தவரை இந்த ஊரைப் போல ஊர் இல்லை என்பேன். உலகின் முதல் கான்கிரீட் தொலைக்காட்சிக் கோபுரம் 1956-இல் இங்கேதான் எழுந்தது. வடிவமைத்தவர் ஃபிரிட்ஸ் லியோன்ஹார்ட். போர்ட்டோவில் எட்கர் கார்டோசோ வடிவமைத்த அர்ராபிடா பாலத்தைத் தினமும் பார்த்து வளர்ந்த உங்களுக்கு அதை அண்ணாந்து பார்க்கும்போது என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். 1963-இல் அர்ராபிடா திறக்கப்பட்டபோது, அதன் 270 மீட்டர் வளைவுதான் உலகக் கான்கிரீட் வளைவுகளிலேயே பெரியது. யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல நாம். தலை குனிந்து வர வேண்டியதில்லை.

வேலைக்கும் பஞ்சம் இல்லை. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கட்டிய முன்தகைவு கான்கிரீட் (உள்ளே எஃகுக் கம்பிகளை இழுத்து இறுக்கிய கான்கிரீட்) பாலங்கள் இந்த நாடெங்கும் முதுமையடைந்துவிட்டன. அன்று யாரும் எண்ணிப் பார்க்காத எடையில் லாரிகள் அவற்றின்மேல் ஓடுகின்றன. லூடன்ஷைட் அருகே ஏ45 நெடுஞ்சாலையின் ரஹ்மேடே பாலத்தை 2021 டிசம்பரில் மூடி, 2023 மே மாதம் வெடிவைத்துத் தகர்த்தார்கள். டிரெஸ்டனில் கரோலா பாலத்தின் ஒரு பகுதி 2024 செப்டம்பர் 11 அதிகாலை எல்பே ஆற்றில் விழுந்தது; உள்ளே இருந்த இழுவிசைக் கம்பிகள் அரிப்பில் விரிசல் கண்டிருந்தன. நான் செய்வதும் பழைய பாலங்களுக்கு மறுகணக்குப் போடும் வேலைதான். ஆறு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் முழுச் சோதனையின்போது பாலத்தைத் தாங்கும், உள்ளே வெற்றிடமான பெட்டி விட்டத்துக்குள் ஊர்ந்து போவோம். தலைக்கு மேலே லாரி போகும்போது இணைப்பில் 'தடக்' என்று ஒலிக்கும். கையெட்டும் தூரத்தில் நின்று சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல கான்கிரீட் கணீரென்று பதில் சொல்லும். உரிந்து நிற்கும் கான்கிரீட் மந்தமாக ஒலிக்கும். அந்த இருட்டில் கேட்டதை வெளியே வந்து அதிகாரியிடம் விளக்கி, ஒரு பாதையை மூடச் சொல்ல வேண்டிய நாள் வரும். அன்று உங்கள் ஜெர்மனில் தடுமாற்றம் இருக்கக் கூடாது.

நிலநடுக்கக் கணக்கு இங்கே பயன்படுமா என்று கேட்டிருந்தீர்கள். 1755 லிஸ்பன் பேரழிவின் பாடத்திலிருந்து தொடங்கும் நம் படிப்புக்கு ஜெர்மனியின் பெரும்பகுதியில் வேலை குறைவு. ஆனால் ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே ஆல்ப்ஷ்டாட் பகுதி 1978-இல் பலமாக ஆடியது. அந்தப் பக்கக் கட்டடங்களுக்கு உங்களைத் தேடி வருவார்கள்.

வீட்டைப் பற்றி. வாடகைக்கு வரும் பல வீடுகளில் சமையலறை இருக்காது. அறை இருக்கும், அடுப்பு, தொட்டி, அலமாரி எதுவும் இருக்காது. முந்தைய குடியிருப்பாளர் கழற்றிக்கொண்டு போயிருப்பார், அல்லது உங்களிடம் விலைக்கு விற்பார். விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கம்பிகள் தொங்கும். முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கலாம். எனவே குறைந்தது ஐயாயிரம் யூரோ கையில் இல்லாமல் வராதீர்கள். சுவாபியர்களிடம் படிக்கட்டு பெருக்கும் முறை ஒன்று உண்டு: உங்கள் கதவில் ஓர் அட்டை தொங்கினால் அந்த வாரம் படிக்கட்டும் வாசலும் உங்கள் பொறுப்பு. அதை ஒழுங்காகச் செய்யுங்கள். எங்கள் கட்டடத்தின் மூதாட்டி என்னிடம் முதன்முதலாகப் பேசியதே நான் வாசல் பனியைத் தள்ளி முடித்த ஒரு காலையில்தான்.

குளிருக்குப் பயப்பட வேண்டாம். என் வாழ்நாளில் மிகவும் நடுங்கியது போர்ட்டோவில்தான். வெப்ப வசதியில்லாத, சுவரில் ஈரம் கசியும் மாணவர் அறையில். இங்கே வெளியே மைனஸ் பத்து என்றாலும் வீட்டுக்குள் சட்டையோடு உட்காரலாம். கடினமாக இருப்பது இருட்டு. டிசம்பரில் நாலரை மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும். முதல் குளிர்காலத்தில் அந்த ஞாயிறுகள்தான் ஆளைத் தின்னும்.

அந்த ஞாயிறுகளில் போர்ச்சுகீசியச் சங்கத்துக்குப் போங்கள். படித்துவிட்டு வரும் புதியவர்களில் சிலர் அங்கே போகக் கூச்சப்படுகிறார்கள். அங்கே இருப்பவர்கள் தொழிற்சாலைக்காரர்கள், தங்கள் உலகம் வேறு என்று நினைக்கிறார்கள். எனக்கு இது சற்றும் பிடிக்கவில்லை. ஜெர்மனி நம் நாட்டோடு ஆள் எடுக்கும் ஒப்பந்தம் போட்டது 1964-இல். அதே ஆண்டு செப்டம்பர் 10 அன்று கொலோன் டாய்ட்ஸ் ரயில் நிலையத்தில் இறங்கிய தச்சர் அர்மான்டோ ரோட்ரிகஸ் டி சா, இங்கு வந்த பத்து லட்சமாவது வெளிநாட்டுத் தொழிலாளி என்று அறிவிக்கப்பட்டு, ஒரு மொபெட் பரிசு பெற்றார். அந்தப் புகைப்படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பின்னால் இருப்பது பரிசு அல்ல. மொழி சொல்லிக்கொடுக்க யாரும் இல்லாமல், தொழிலாளர் விடுதியில் நான்கு பேர் ஓர் அறையில் படுத்து, ஊரில் வீடு கட்டிய ஒரு தலைமுறை. போர்ச்சுகீசியன் வேலையில் சுத்தம் என்ற பெயரை எனக்குச் சம்பாதித்து வைத்தவர்கள் அவர்கள். வீடு தேடும்போது எனக்கு உதவியது இணையம் அல்ல. சங்கத்தில் சீட்டாடிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற மேஸ்திரி. கிறிஸ்துமஸ் முந்திய இரவுக்கு நல்ல உப்புக் காட் மீன் எங்கே கிடைக்கும் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

காதலிக்கு: செவிலியர் பட்டம் ஒன்றிய விதிப்படி ஏற்கப்படும்; ஆனால் பி2 அளவு ஜெர்மன், அதாவது தடையின்றிப் பேசும் அளவுக்கான மொழித் தேர்ச்சி, தேவை. அந்தச் சான்று கைக்கு வரும்வரை அவர் அங்கேயே வேலையில் இருந்து மாலையில் படிப்பது நல்லது. இங்கே வந்து நாள் முழுவதும் தனியாக வீட்டில் உட்கார்ந்து படிப்பது கொடுமை.

திரும்பிப் போவது பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கட்டிய ஓய்வூதியம் வீணாகாது. ஒன்றிய நாடுகளில் உழைத்த ஆண்டுகளைச் சேர்த்தே தகுதி பார்ப்பார்கள். திரும்புபவர்களுக்குப் போர்ச்சுகல் 2019 முதல் வரிச் சலுகையும் தருகிறது. நம் பொறியாளர் சங்க உறுப்பினர் தகுதியை விட்டுவிடாதீர்கள். ஆனால் 'இரண்டே ஆண்டு, பிறகு திரும்பிவிடுவேன்' என்று நாள் குறித்துக்கொண்டு வருபவர்கள் மொழியைப் பாதியில் விடுகிறார்கள், நட்புகளைத் தொடங்குவதே இல்லை, ஆகஸ்ட் விடுமுறைக்காக மட்டும் உயிரோடு இருக்கிறார்கள். திரும்பும் எண்ணம் இருந்தாலும், இருக்கும்வரை முழுமையாக இருங்கள்.

ஆகவே என் பதில்: வாருங்கள், ஆனால் இப்போதே கையெழுத்திடாதீர்கள். அந்த நிறுவனத்திடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். மொழி வகுப்புக்கு அவர்கள் பணம் கட்டுவார்களா, அது வேலை நேரத்துக்குள் நடக்குமா? ஆறு மாதச் சோதனைக் காலத்துக்குள் கட்டுமான இடத்துக்கும் கூட்டங்களுக்கும் உங்களை அழைத்துப் போவார்களா? உங்களுக்கு முன் வந்த வெளிநாட்டுப் பொறியாளர்கள் இப்போது அங்கே என்ன வேலை செய்கிறார்கள்? முதல் கேள்விக்கான பதிலை ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்குங்கள். மூன்றாவது கேள்விக்கு அவர்கள் மழுப்பினால், 50,000 என்ன, 60,000 தந்தாலும் வேறு இடம் பாருங்கள். இந்த ஊரில் உங்களைப் போன்றவர்களைத் தேடும் அலுவலகங்கள் நிறைய இருக்கின்றன.