டேப்பை மைதானத்திலேயே விட்டுவிட்டீர்களே, தம்பி!

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை. படிக்கிற காலத்தில் நீளம் தாண்டுதலில் மாவட்ட மெடல் வாங்கியவன். இப்போது தோப்புகளில் தேங்காய் எடுத்துக் காங்கேயத்தில் கொப்பரை காயவைக்கும் களங்களுக்கு லோடு அனுப்புகிறேன். ஸ்போர்ட்ஸ்காரன் வியாபாரத்தில் ஜெயிப்பான் என்றார்கள். உழைப்புக்குக் குறைவில்லை, ஆனால் மாசக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. குறி (சீட்டு) பிடித்த பணத்தையும் ஒரு தோப்புக் குத்தகையில் போட்டு மாட்டிக்கொண்டேன். எங்கே கோட்டை விட்டேன்? பத்து வயது மகளும் ஓட ஆசைப்படுகிறாள், சேர்க்கலாமா?

பதில்: விடிகாலையில் எழுவதும் விழுந்தாலும் எழுந்து ஓடுவதும்தான் ஒழுக்கம் என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் தம்பி. அது பாதிதான். தாண்டுகிறவர் முதலில் டேப்பைப் பிடித்து, கால் ஊன்றித் தாண்டும் பலகையிலிருந்து அளந்து, ஓடுபாதையோரம் மார்க் வைப்பார். கால் பலகையைக் கொஞ்சம் தாண்டினாலும் சிவப்புக் கொடி, எட்டு மீட்டர் தாண்டியிருந்தாலும் கணக்கில் வராது, அதற்காக நடுவரோடு மல்லுக்கட்டாமல் மார்க்கைச் சரிசெய்துவிட்டு அடுத்த தாண்டலுக்கு நிற்பார். நீங்கள் துணிச்சலை மட்டும் வியாபாரத்துக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள்.

உங்கள் பாலக்காட்டு நீளம் தாண்டுதல் வீரர் ஸ்ரீசங்கரையே பாருங்கள். 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் அவரும் 8.08 மீட்டர், தங்கம் வாங்கிய பஹாமாஸ் வீரரும் 8.08 மீட்டர். சரிசமம் என்றதும் இரண்டாவது சிறந்த தாண்டலைப் பார்த்தார்கள்: பஹாமாஸ்காரருக்கு 7.98, நம்மவருக்கு 7.84. வெள்ளிதான் கிடைத்தது. வீட்டை நடத்துவதும் நீங்கள் ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளும் அந்த ஒரு பெரிய லோடு இல்லை, சுமாரான மாசத்தில் என்ன மிஞ்சுகிறது என்பதுதான்.

சரி, காசுக்கு வருவோம். ஒவ்வொரு லோடுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வாங்கின விலை, உரிகூலி, ஏற்றுகூலி, வண்டி வாடகை, கழிவுக்காய் எத்தனை, களத்துக்காரர் பணம் கொடுத்த தேதி. அந்தக் கடைசித் தேதியில்தான் உங்கள் நோய் இருக்கும். தோப்புக்காரருக்குக் கையோடு காசு, களத்திலிருந்து வருவதோ இழுத்தடித்து, நடுவில் ஓட்டையை அடைப்பது வீட்டுப் பணம். கேஸ் சிலிண்டருக்கும் உரிகூலிக்கும் ஒரே ஜிபே-யிலிருந்துதான் பணம் போகிறது என்று பந்தயமே கட்டுவேன். வியாபாரத்துக்குத் தனியாகக் கரண்ட் அக்கவுண்ட் தொடங்கி, ஒன்றாம் தேதி அதிலிருந்து உங்களுக்கு ஒரு சம்பளம் எடுங்கள், சின்னத் தொகையானாலும் பரவாயில்லை. அதற்கு மேல் கை வைக்கக் கூடாது.

குறி நல்ல பழக்கம்தான், கோச் விசில் அடிக்கிற மாதிரி தவணைத் தேதி வந்து நிற்கும். ஆனால் ஆரம்பத்திலேயே சீட்டுத் தொகையில் ஒரு பங்கைத் தள்ளி, அதாவது விட்டுக்கொடுத்து, ஏலம் எடுத்தால் அது சேமிப்பு இல்லை, கடன். தள்ளிவிட்ட தொகைதான் வட்டி. போதாததற்கு நடத்துகிறவர் கமிஷன் வேறு, 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அது 7 சதவீதம் வரை போகலாம். அந்தப் பணத்தைக் கொண்டுபோய் விலை உச்சியில் இருக்கும்போது குத்தகையில் போட்டால் இரண்டு பக்கமும் இடிதான்.

இப்போது அந்தத் தோப்பை என்ன செய்வது? இறங்கிய ஆட்டத்தை விடக்கூடாது என்ற வைராக்கியம் மைதானத்தில் மெடல் கொடுக்கும், குத்தகையில் வீட்டை விற்க வைக்கும். இனி காய்க்கப்போகிற காயை இன்றைய விலையில் கணக்குப் போடுங்கள். வெட்டுக்கூலியும் போக்குவரத்தும் போக மீதிக் குத்தகைப் பணம்கூடத் தேறாது என்றால் மிச்சக் காலத்தை வேறு வியாபாரிக்குக் கைமாற்ற முடியுமா என்று தோப்புக்காரரிடம் பேசிப் பாருங்கள். கட்டின பணம் போனது போனதுதான், அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அப்புறம் ஒரு கையிருப்பு வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி பெற்றும் முட்டிக் காயத்தால் ஸ்ரீசங்கரால் போக முடியவில்லை. உங்களுக்கும் ஒரு சீசன் அப்படிப் படுக்கலாம். ஆறு மாச வீட்டுச் செலவு எஃப்.டி.யில் சேரும்வரை புதிதாக எந்தக் குத்தகைக்கும் கை நீட்டாதீர்கள்.

மகளைத் தாராளமாகச் சேருங்கள், வியாபாரப் புத்தி வரும் என்பதற்காக இல்லை, அவளுக்கு ஓடப் பிடித்திருக்கிறது என்பதற்காக. ஸ்பைக்ஸ் ஷூ வாங்குகிற காசை மட்டும் லோடு பணத்திலிருந்து எடுக்காமல் உங்கள் சம்பளத்திலிருந்து எடுங்கள்.