கலெக்டர் ஆகலைன்னு வருத்தம் வரல, அதுதான் பயமா இருக்கு

அண்ணா வணக்கம்,

பேரு போட வேணாம் ப்ளீஸ், ஆபீஸ்ல யாராவது படிச்சா வம்பு. நான் டெல்டா பக்கம் ஒரு கிராமத்துல விஏஓ. வயசு 33. பிளஸ் டூ படிக்கும்போது எங்க ஸ்கூலுக்கு கலெக்டர் வந்தாங்க, ஒரு லேடி, எச்எம்ல இருந்து எல்லாரும் எழுந்து நின்ன விதத்தைப் பாத்து அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன் ஐஏஎஸ்தான்னு. இன்ஜினியரிங் முடிச்சு, கேம்பஸ்ல கிடைச்ச வேலைய வேணாம்னுட்டு அண்ணா நகர்ல ஹாஸ்டல், கோச்சிங். அப்பா மளிகைக்கடை வச்சிருக்காரு, மாசாமாசம் ஒண்ணாந்தேதி தவறாம பணம் போட்டு விடுவாரு. பிரிலிம்ஸ் தாண்டினேன், மெயின்ஸ் ஒரு தடவை கூட தாண்டல. கையில ஒரு வேலை இருக்கட்டும்னு எழுதின குரூப் 4 கிடைச்சுது, வந்துட்டேன். வேலையில இருந்துகிட்டே படிக்கலாம்னுதான் வந்தேன், ஆனா புக்க தொடவே இல்ல.

இப்ப பிரச்சனை என்னன்னா எனக்கு வருத்தமே வரல. இந்த வருஷம் ரிசல்ட் வந்ததே நாலு நாள் கழிச்சு ஃப்ரெண்டு போன் பண்ணித்தான் தெரியும். எங்க போச்சு அந்த ஆசை? அப்ப இத்தனை வருஷம் நான் ஆசைப்பட்டது பொய்யா, இல்ல தோத்துப்போனதுக்கு மனசு சமாதானம் சொல்லிக்குதா?

(இங்க ஒரு பக்கத்துக்கும் மேல இருந்தத, பதில் எழுதுற நான் சுருக்குறேன். இவங்க கிராமத்துல ஒரு பாட்டியோட நிலம் யுடிஆர்ல, அதாவது அரசு நிலப் பதிவேடுகளை புதுசா மாத்தி எழுதினப்ப, பங்காளி பேருக்கு ஏறிடுச்சு. அந்தம்மா பழைய கிஸ்தி (நிலவரி) ரசீதெல்லாம் ஒரு மஞ்சப்பையில போட்டு தூக்கிட்டு வர்றாங்க. இவங்க தாலுகா ஆபீஸ் ரெக்கார்டு ரூம்ல பூச்சி அரிச்ச பழைய ரிஜிஸ்டரை எல்லாம் புரட்டி, எந்த உட்பிரிவுல பேரு மாறுச்சுன்னு கண்டுபிடிச்சு மேல ரிப்போர்ட் அனுப்பியிருக்காங்க.)

அப்பா இன்னும் விடல. ஐஏஎஸ் போனா போகட்டும், குரூப் 1 ஆவது எழுதுங்கிறாரு. சொந்தக்காரங்க விசேஷத்துல பாத்தா "என்னம்மா கலெக்டரு"ன்னுதான் கூப்பிடுறாங்க. எழுதவா வேணாமா?

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீங்க கேள்வியா கேட்டது ஐஏஎஸ் பத்தி, ஆனா கடிதத்துல ஐஏஎஸ்க்கு கொஞ்சம் வரிதான் ஒதுக்கியிருக்கீங்க, பாட்டி நிலத்துக்கு ஒரு பக்கம். சர்வே நம்பர், உட்பிரிவு, எந்த ரிஜிஸ்டர்ல எந்த பக்கம் கிழிஞ்சிருந்துச்சுங்கிற வரைக்கும் எழுதியிருக்கீங்க (அதையெல்லாம் எடுத்துட்டேன், யாரு நிலம்னு தெரிஞ்சிடும்). நான் கேக்கவே இல்ல, உங்க கேள்விக்கும் அதுக்கும் நேரடி சம்பந்தம் கிடையாது, ஆனாலும் சொல்லாம இருக்க முடியல உங்களால. எனக்கு அதுவே பாதி பதில் மாதிரி தெரியுது.

மனசு சமாதானம் சொல்லிக்குதான்னு கேட்டீங்கல்ல, அது நியாயமான சந்தேகம், சீச்சீ இந்தப் பழம் புளிக்கும்னு சொல்லிட்டு போறவங்க நம்ம ஊர்ல நிறைய. திருவல்லிக்கேணி மேன்ஷன்ல என்கூட ஒருத்தர் இருந்தாரு, இவரும் சிவில் சர்வீஸ்தான், இப்ப ஊர்ல நல்லா போற பிசினஸ். "அதெல்லாம் விட்டாச்சுப்பா, அது ஒரு பைத்தியம்"னு சிரிச்சிகிட்டே சொல்வாரு. ஆனா வருஷா வருஷம் ஃபைனல் ரிசல்ட் வந்த அன்னைக்கு கடையை பையன்கிட்ட விட்டுட்டு அந்த பிடிஎஃப்ப மொபைல்ல முதல் பேர்ல இருந்து கடைசி பேர் வரைக்கும் தள்ளித் தள்ளி படிப்பாரு, கூட படிச்சவன் எவனாவது இருக்கானான்னு. அவருக்கு ஆசை மாறல, உள்ள போட்டு மூடி வச்சிருக்காரு, அவ்வளவுதான். நீங்க ரிசல்ட் வந்ததே தெரியாம அடங்கல் (பயிர் கணக்கு) எழுதிகிட்டு இருந்திருக்கீங்க. ரெண்டும் ஒண்ணுன்னு யார் சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன்.

அப்ப அந்த பழைய ஆசை பொய்யான்னா, பொய்யில்ல, ஆனா அதுல வேலைன்னு ஒண்ணு இல்லவே இல்லயே. பதினேழு வயசுல நீங்க பாத்தது எச்எம் எழுந்து நின்னத. ஒரு கலெக்டர் காலையில இருந்து நைட்டு வரைக்கும் என்ன பண்றாங்கன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, கோச்சிங் சென்டர்ல கிளாஸ் எடுத்தவருக்கும் பெரும்பாலும் தெரியாது. இதுல நம்ம ஊர் வழக்கம் வேற, நல்லா படிக்கிற புள்ளைன்னா ஒண்ணு டாக்டர் இல்லன்னா கலெக்டர், நடுவுல வேலையே கிடையாது. பத்து லட்சம் பேருக்கு பக்கமா அப்ளை பண்ற பரீட்சை அது, 2023 தேர்வுல கடைசியா லிஸ்ட்ல வந்தவங்க 1016 பேரு, அதுலயும் ஐஏஎஸ் 180 இடம்தான். இந்த கணக்கை வச்சுகிட்டு ஊர் ஊருக்கு போஸ்டர் ஒட்டி புள்ளைங்கள கூப்பிடுறாங்களேன்னு எனக்கு கோவம் உண்டு, அது வேற கதை.

உ.வே.சா கதைய எடுத்துக்கோங்க. பொறந்ததுல இருந்து ஓலைச்சுவடி தேடவே வந்த மனுசன் மாதிரிதான் நமக்கு ஸ்கூல்ல சொல்லிக்கொடுத்தாங்க. அவரே எழுதின 'என் சரித்திரம்' படிச்சா அப்படி ஒண்ணும் இல்ல. அப்பா சங்கீத வித்வான், பையனுக்கும் சங்கீதம் வரணும்னு அவருக்கு ஆசை, மாயூரத்துல கோபாலகிருஷ்ண பாரதியார்கிட்டயே பாட்டு கத்துக்க வச்சாரு. தமிழ் சொல்லிக்கொடுத்த மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அது பிடிக்கலைன்னு தெரிஞ்சதும் பையன் பாட்டை விட்டுட்டாரு. அப்புறம் 1880ல கும்பகோணம் காலேஜ்ல தமிழ் பண்டிதர் வேலை, வயசு 25. அந்தக் காலத்துக்கு ஒரு தமிழ் படிச்சவருக்கு அதுக்கு மேல என்ன வேணும், ஆசைப்பட்டது கையில வந்தாச்சு. அதே வருஷம் அங்க முன்சீப்பா வந்த சேலம் ராமசாமி முதலியார பாக்க போறாரு. என்னென்ன படிச்சிருக்கீங்கன்னு அவர் கேக்க, இவரு அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவைன்னு பெருமையா அடுக்குறாரு, முதலியார் முகத்துல ஒண்ணுமே தெரியல, சிந்தாமணி படிச்சிருக்கீங்களாங்கிறாரு. இவரு அந்த புஸ்தகத்தை கண்ணால கூட பாத்ததில்ல! அங்க ஆரம்பிச்சுது எல்லாம். அது சமண காப்பியம், சமணர் விஷயம் புரியலன்னா கும்பகோணத்துல இருந்த ஜைனர் வீடுகளுக்கே போய் கேட்டுத் தெரிஞ்சுகிட்டு, ஏட்டுக்கு ஏடு ஒப்பிட்டு, சீவக சிந்தாமணி அச்சுல வர 1887 ஆயிடுச்சு.

இதை நான் எதுக்கு சொல்றேன்னா, அவரு தோத்துப்போய் திசை மாறல, ஜெயிச்ச இடத்துல இருந்து மாறினாரு. தமிழ் பண்டிதர்ங்கிற பேரு வாங்கணும்னு நினைச்சவரு, ஒரு புரியாத ஏட்டுக்கு முன்னாடி உக்காந்ததும் பேரெல்லாம் பின்னாடி போயிடுச்சு. உங்களுக்கு அந்த ரெக்கார்டு ரூம்ல நடந்தது அந்த மாதிரிதான்னு நினைக்கிறேன். உங்கள உ.வே.சாவோட ஒப்பிடுறேன்னு நினைச்சு பயப்படாதீங்க, நடந்த விதம் மட்டும்தான் சொல்றேன்.

இன்னொன்னு. நீங்க உக்காந்திருக்கிற நாற்காலியோட கதை உங்களுக்கு டிரெயினிங்ல சொல்லியிருப்பாங்க, ஆனா அப்பாவுக்கு தெரியுமான்னு தெரியல. பரம்பரை பாத்து கிராம அதிகாரி வேலை குடுக்கிறது செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட் 1961லயே சொல்லியாச்சு, இருந்தாலும் கர்ணம், மணியம்னு அந்தக் கால கிராம அதிகாரி பதவிலாம் பல ஊர்ல அதே குடும்பங்க கையிலயேதான் சுத்திட்டு இருந்துச்சு. 1980 நவம்பர்ல எம்ஜிஆர் அரசு ஒரு அவசரச் சட்டம் போட்டு அந்த பதவிகளை மொத்தமா ஒழிச்சுது, கோர்ட்டுக்கு போனாங்க, 1982ல சுப்ரீம் கோர்ட் சட்டம் செல்லும்னுடுச்சு. அதுக்கப்புறம்தான் விஏஓன்னு முழுநேர அரசு ஊழியர். மளிகைக்கடைக்காரர் பொண்ணு ஒருத்தி பரீட்சை எழுதி வந்து அந்த ஊர் அ-பதிவேட்ட (நில விவரப் பதிவேடு) கையில வச்சுகிட்டு, பங்காளி பேருக்கு போன நிலத்தை திருப்பி எழுதச் சொல்லி ரிப்போர்ட் அனுப்புறதெல்லாம் அதுக்கு முன்னாடி நினைச்சுப் பாக்க முடியுமா? உங்க அப்பா இதை சின்ன வேலைன்னு நினைக்கிறாருன்னா அவருக்கு யாரும் சொல்லலன்னு அர்த்தம்.

அதே சமயம் ஒரு விஷயம், அந்த அண்ணா நகர் வருஷங்கள் எதுவும் வீண் போகல, எல்லாம் அனுபவம்னு நான் சொல்ல மாட்டேன். கொஞ்சம் வீணாத்தான் போச்சு. மாசாமாசம் வாங்கின கரண்ட் அஃபயர்ஸ் புக்கெல்லாம் எடைக்கு போட்டிருப்பீங்க, பதில் எழுதிப் பழகினதுல ரிப்போர்ட் எழுத கை வந்திருக்கும், அவ்வளவுதான் மிச்சம். அப்பா அனுப்பின பணம் உண்மையான பணம். அதுக்கு பதிலா அவருக்கு நீங்க தர வேண்டியது இன்னொரு பரீட்சை இல்ல, மாசம் ஒரு தொகைய அவர் அக்கவுண்ட்ல போடுங்க, அதே ஒண்ணாந்தேதி. வேணாம்பாரு, போடுங்க. "என்னம்மா கலெக்டரு"ங்கிற சொந்தக்காரங்கள விடுங்க, அவங்க பட்டா மாத்தணும்னு உங்க ஆபீஸ் வாசல்ல வந்து நிக்கிற நாள் வரும்.

குரூப் 1 கேட்டீங்க. அப்பா வாய மூடணும்ங்கிறதுக்காகவோ, எச்எம் எழுந்து நிக்கணும்ங்கிறதுக்காகவோ எழுதாதீங்க, திரும்ப அதே அண்ணா நகர்தான். ஆனா ரிப்போர்ட் அனுப்பிட்டு மேல ஆர்டர் வர்ற வரைக்கும் காத்துகிட்டு இருக்கீங்க பாருங்க, அப்ப எப்பவாவது 'ச்சே, இந்த ஃபைல்ல கையெழுத்து போடுற இடத்துல நம்ம இருந்தா என்ன'ன்னு எரிச்சல் வந்துச்சுன்னா, அந்த எரிச்சலோட எழுதுங்க. குரூப் 1ல டெபுடி கலெக்டர் இருக்கு, ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) சீட்டுக்கும் அந்த வழி உண்டு. இந்த தடவை சிலபஸ்ல வருவாய் நிர்வாகம்னு வந்தா உங்களுக்கு மஞ்சப்பையும் அந்தம்மா முகமும் ஞாபகம் வரும், முன்னாடி மனப்பாடம் பண்ண மாதிரி இருக்காது. எரிச்சலே வரலன்னா விட்டுடுங்க, விஏஓவாவே இருங்க, அதுல ஒரு குறையும் இல்ல.

அவசரமும் இல்ல. நீங்க பிசியோ எம்பிசியோன்னா குரூப் 1க்கு 39 வயசு வரைக்கும் இருக்கு. ஜமாபந்தி (வருஷாந்திர கிராம கணக்கு தணிக்கை) முடியட்டும், அப்புறம் யோசிங்க. அதுவரைக்கும் உங்களுக்கு கணக்கெல்லாம் நேர் பண்ணவே நேரம் பத்தாது, இதுல அப்பாகூட சண்டை வேற போடணும்.

அன்புடன்
அண்ணன்