டபுள்ஸை நம்பி ஒரு வாழ்க்கை அமையுமா?

கேள்வி: பெங்களூருவில் இருக்கிறோம். மகளுக்கு 14 வயது. பேட்மிண்டன் சிங்கிள்ஸில் இரண்டாவது சுற்றைத் தாண்டுவதில்லை. டபுள்ஸுக்கு மாற்றிவிடுங்கள் என்கிறார் பயிற்சியாளர். அதை நம்பிப் போகலாமா?

போகலாம். ஆனால் யாரோடு ஜோடி சேரப்போகிறாள் என்று பயிற்சியாளரிடம் கேட்டீர்களா? எனக்கு முதலில் தோன்றிய கேள்வி அதுதான்.

நான் லிங்கராஜபுரத்தில் வளர்ந்தவன், கர்நாடகத்துக்காக டபுள்ஸ் ஆடியவன். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வேலைதான் இன்று சோறு போடுகிறது. காலையில் ஆபீஸ் போகும்வரை பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். அந்த அளவு அனுபவத்திலிருந்துதான் எழுதுகிறேன்.

சிங்கிள்ஸில் தேறாதவர்கள்தான் டபுள்ஸுக்குப் போவார்கள் என்று உறவினர்கள் சொல்லத்தான் செய்வார்கள். நான் ஆடிய காலத்தில் அகாடமிகளிலேயே அந்த எண்ணம் இருந்தது. 1980இல் ஆல் இங்கிலாந்து பேட்மிண்டன் பட்டம் வென்ற பிரகாஷ் படுகோனின் ஊர் இது, எல்லோருக்கும் சிங்கிள்ஸ் கனவுதான். பயிற்சி முடியும் நேரத்தில் மிச்சமிருக்கும் நாலு பேரை ஒரு கோர்ட்டில் விட்டு "ஆடுங்கடா" என்பார்கள். எங்களுக்கு டபுள்ஸ் பயிற்சி என்றால் அதுதான். 2015இல் மலேசியாவின் டான் கிம் ஹெர் இந்தியாவுக்கு டபுள்ஸ் பயிற்சியாளராக வந்தார். பின்னாலிருந்து ஸ்மாஷ் அடிக்கும் இரண்டு பையன்களை, சாத்விக்கையும் சிராக்கையும், ஜோடி சேர்த்தார். இருவருமே பின்னால் நின்றால் நெட்டில் யார் நிற்பது? அதையும் கற்றுக்கொண்டார்கள். 2022இல் இந்திய அணியோடு தாமஸ் கோப்பை (ஆண்கள் அணிகளுக்கான உலகப் போட்டி), 2023 அக்டோபரில் ஆசிய விளையாட்டுத் தங்கம், அதே மாதம் உலகின் முதலிடம். இப்போது உறவினர்களிடம் இந்தப் பெயர்களைச் சொன்னால் போதும், பேச்சை மாற்றிவிடுவார்கள்.

சரி, பணம். 2023 இந்தோனேசிய ஓப்பனின் மொத்தப் பரிசு 12.5 லட்சம் டாலர். சிங்கிள்ஸில் வென்றவருக்கு 87,500. டபுள்ஸில் வென்ற ஜோடிக்கு, அதாவது நம் சாத்விக், சிராக்குக்கு, 92,500. பிரித்தால் ஆளுக்கு 46,250. உலகின் மிகப் பெரிய போட்டிகளில் ஒன்றிலேயே இதுதான் கணக்கு. விமான டிக்கெட், ஷூ, அறுந்துகொண்டே இருக்கும் ராக்கெட் நரம்பு, பிசியோவுக்குக் கொடுக்கும் காசு எதையும் யாரும் பாதியாக்கித் தருவதில்லை. பரிசு பாதி, செலவு முழுசு. கீழ்மட்டச் சர்வதேசப் போட்டிகளில் ஜெயித்தால்கூடப் பயணச் செலவு தேறாது. அதனால் நம் ஊரில் பெரும்பாலான டபுள்ஸ் ஆட்டக்காரர்கள் வாழ்வது பரிசுப் பணத்தில் இல்லை. ரயில்வே, பெட்ரோலிய நிறுவனங்கள், வருமான வரித்துறை மாதிரியான இடங்களின் வேலையில். அந்த வேலைக்கு தேசியப் போட்டிப் பதக்கம் பெரிய துருப்புச் சீட்டு. அது டபுள்ஸில் வந்தாலும் பதக்கம்தான்.

இனி பார்ட்னர் விஷயம். உலகத் தரவரிசைப் புள்ளிகள் ஜோடியின் பெயரில்தான் ஏறும். கடந்த 52 வாரங்களில் சிறந்த 10 போட்டிகளைக் கணக்கில் எடுப்பார்கள். பார்ட்னரின் முழங்கால் போய் ஆறு மாதம் உட்கார்ந்தால், உங்கள் மகள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் ரேங்க் இறங்கிக்கொண்டே இருக்கும். வேறு ஆளோடு சேர்ந்தால் புது ஜோடியாக மறுபடி ஏறி வர வேண்டும். என் பார்ட்னருக்கு அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்தது. வீட்டில் கடனும் வாங்கிவிட்டார்கள். போகாதே என்று நான் எந்த வாயால் சொல்வது? எங்கள் ரேங்க்கும் அவனோடு விமானம் ஏறிவிட்டது. அடுத்து வந்தவன் இடதுகைக்காரன், என்னைவிட நல்ல கை. ஆனாலும் நடுவில் வரும் ஷட்டிலுக்கு இருவரும் பாய்ந்து ராக்கெட்டோடு ராக்கெட் மோதுவது நிற்கவே ஒரு சீசன் ஆனது.

பெங்களூருவின் அஸ்வினி பொன்னப்பாவையே பாருங்கள். ஜுவாலா கட்டாவோடு 2010 டெல்லி காமன்வெல்த் தங்கம், 2011 உலகப் போட்டியில் வெண்கலம். அப்புறம் சிக்கி ரெட்டியோடு 2018 காமன்வெல்த் வெண்கலம். அப்புறம் தனிஷா கிராஸ்டோவோடு 2024 பாரிஸ் ஒலிம்பிக், 34 வயதில். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவரோடு கணக்கைத் தொடங்கியிருக்கிறார். அவர்கள் பாரிஸ் போனபோது, ஆல் இங்கிலாந்தில் 2022, 2023 இரண்டிலும் அரையிறுதி ஆடிய இன்னொரு இந்திய ஜோடியான ட்ரீசா, காயத்ரிக்கு இடம் கிடைக்கவில்லை. அப்போதைய விதிப்படி, சிங்கிள்ஸில் ஒரு நாட்டிலிருந்து இருவர் போக உலகின் முதல் 16க்குள் இருவரும் இருந்தால் போதும். டபுள்ஸில் இரண்டு ஜோடியும் முதல் 8க்குள் இருக்க வேண்டியிருந்தது. இதெல்லாம் 14 வயதில் யோசிக்கிற விஷயமா என்பீர்கள். யோசிக்க வேண்டாம், தெரிந்திருந்தால் போதும்.

ஆனால் ஒன்று, டபுள்ஸில் ஆயுள் அதிகம். இந்தோனேசியாவின் ஹென்ட்ரா செத்தியவான் 2008இல் ஒலிம்பிக் தங்கம் வென்றவர். 2019இல், 35 வயதைத் தொட்ட நேரத்தில், உலகப் பட்டம் வென்றார். ஓட வேண்டிய பரப்பை இருவர் பங்கிட்டுக்கொள்வதால் கைக்கும் கண்ணுக்கும்தான் வேலை அதிகம்.

அந்தக் கை தானாக வராது. டபுள்ஸ் கோர்ட்டின் அகலம் 6.1 மீட்டர், சிங்கிள்ஸை விட அதிகம். ஆனால் சர்வீஸ் விழ வேண்டிய கட்டம் பின்பக்கம் 76 சென்டிமீட்டர் குறைவு. தூக்கிப் போட்டால் எதிராளி அங்கேயே அடித்து முடித்துவிடுவார். அதனால் நெட்டை உரசுகிற குட்டை சர்வீஸ், அதற்கு ரிட்டர்ன், மூன்றாவது ஷாட் என்று முதல் சில விநாடிகளிலேயே பல புள்ளிகள் முடிந்துவிடுகின்றன. இதைத் தினமும் தனியாகப் பழக்குகிறார்களா என்று அகாடமியில் நின்று ஒரு வாரம் பாருங்கள். டபுள்ஸுக்கென்று தனிப் பயிற்சியாளர் இல்லாமல் மாறச் சொன்னால், சிங்கிள்ஸ் கோர்ட்டில் இடம் காலி செய்கிறார்கள் என்று அர்த்தம்.

அப்படி ஒரு பயிற்சி அமையும்வரை சிங்கிள்ஸையும் விடாமல் ஆடட்டும். கால் வலு அங்கேதான் வரும். பார்ட்னர் விஷயத்தில் அந்தப் பெண்ணின் பெற்றோரோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்: பத்தாம் வகுப்பில் ஆட்டத்தை நிறுத்துவார்களா, விளையாட்டுக் கோட்டாவுக்கு மட்டும் ஆடவைக்கிறார்களா, வெளியூர்ப் போட்டிக்கு அனுப்புவார்களா. வீடு எந்தப் பக்கம் என்றும் கேளுங்கள். ஒருத்தி எலகங்காவிலும் இன்னொருத்தி சர்ஜாபூர் ரோட்டிலும் இருந்தால், இந்த டிராஃபிக்கில் அவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஜோடிதான்.