குப்பை பிரிக்கும் திட்டம் பலன் தருகிறதா? தூய்மைக் காவலர்களோடு சேர்ந்து கணக்கிடும் வழி

கேள்வி: எங்கள் ஊராட்சியில் 600 வீடுகள். மக்கும் குப்பை, மக்காத குப்பை எனப் பிரித்து வாங்கும் திட்டத்தை ஜூலையில் தொடங்குகிறோம். பலன் இருக்கிறதா என்று தூய்மைக் காவலர்களைக் கொண்டே மதிப்பிட நினைக்கிறோம். எப்படித் திட்டமிடுவது?

பதில்: இந்தக் கணக்கை வைத்து யார் மீதும் நடவடிக்கை இல்லை என்று முதலில் தீர்மானமே எழுதிவிடுங்கள். வேலைக்கு ஆபத்து என்ற சந்தேகம் வந்தால் போதும், எல்லா வீடும் பிரித்துத் தந்ததாகத்தான் நோட்டில் வரும். பிரித்துத் தருவது வீட்டாரின் கடமை என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருக்கிறது. அதற்குத் தூய்மைக் காவலர் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

எதைக் கணக்கெடுப்பது என்பதை அவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். எந்தத் தெருவில் காலையிலேயே வீடுகள் பூட்டிக் கிடக்கும், எங்கே காய்கறிக் கழிவோடு டயாப்பரும் வரும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். காலைச் சுற்று முடிந்த பிறகு கூடுங்கள். அந்த நேரத்துக்கும் கூலி கொடுங்கள். டீயும் வடையும் கூலி ஆகாது.

அளவுகோல் இரண்டு போதும். ஒன்று, வீட்டுக் கணக்கு. 1 முதல் 10 வரை சீட்டு எழுதி ஒன்றை எடுங்கள். அந்த எண்ணிலிருந்து ஒவ்வொரு பத்தாவது வீடும் என்றால் 60 வீடுகள். பிரித்தது, அரைகுறை, கலந்தது என மூன்றே கட்டம். தன் தெருவைத் தானே குறிக்காமல், தெருவை மாற்றிக்கொள்ளட்டும்.

இன்னொன்று, கலப்படம். மக்கும் குப்பையில் 20 கிலோவைத் தார்ப்பாயில் கொட்டி, கையுறை போட்டு, மக்காததைப் பிரித்து எடை போடுங்கள். 4 கிலோ வந்தால் 20 சதவீதம். மொத்த எடையை மட்டும் நம்பாதீர்கள். மழை பெய்தால் ஈரமே எடையைக் கூட்டும், பொங்கல் வாரத்தில் கரும்புச் சக்கை.

பலரும் கோட்டைவிடுவது தொடக்கக் கணக்கை. ஜூனிலேயே இரண்டு வாரம் இதே முறையில் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பிறகு எதோடு ஒப்பிடுவீர்கள்? முடிந்தால் பாதித் தெருக்களைக் குலுக்கல் முறையில் எடுத்து முதலில் தொடங்குங்கள். செப்டம்பரில் இரு பாதியையும் ஒப்பிட்டால் மாற்றம் திட்டத்தால் வந்ததா என்று ஓரளவு புரியும். அப்புறம் மீதித் தெருக்கள்.

முடிவைக் காவலர்களிடம் முதலில் காட்டிவிட்டு, அக்டோபர் 2 கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். அங்கே தெருவாரியாகச் சொன்னால் போதும், வீட்டு எண் வேண்டாம். நாளைக்கும் அந்த வாசலில் போய் நிற்கப்போவது காவலர்கள்தானே.